பினாங்கிலிருந்து தெரியாத புகை

தென்னூர், திருச்சி
28-11-1963

வள்ளிக்கண்ணுவின் அப்பாவுக்கு, பவுனம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், பினாங்குக்கு யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் சம்மதம் எழுதியபடி, போன வியாழக்கிழமை உங்கள் அக்கா தன் மகன் வீரமலைக்காக நம் பிள்ளைக்குப் பூ வைக்கத் தொட்டியத்திலிருந்து வந்தார். வைக்காமலே திரும்பிப் போனார். வானத்தில் கெட்ட சகுனம் தெரிந்தது என்று இதற்குள் உங்களுக்கு எழுதியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. மீதியை நான் சொல்கிறேன்.

அன்று காலையிலேயே பிள்ளை என்னிடம் கெஞ்சினாள். திருவனந்தபுரத்துப் பக்கம் கடற்கரையிலிருந்து சாயங்காலம் ராக்கெட் விடுகிறார்களாம். அது உயரே போய் நிறப் புகை விடுமாம். இங்கேகூடத் தெரியலாம், நேரத்தையும் திசையையும் குறித்து வாருங்கள் என்று காலேஜில் பேட்ரிசியா டீச்சர் சொல்லியிருக்கிறார். "பட்டுப்புடவை கட்டிக்கிறேன், தலை குனிஞ்சு உட்கார்றேன். கால் மணி நேரம் மட்டும் மாடிக்கு விடும்மா" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். விட்டேன்.

ஆறரை மணி இருக்கும். கூடத்தில் தட்டெல்லாம் பரப்பியாகிவிட்டது. வெற்றிலை துப்ப வாசலுக்குப் போன உங்கள் அக்கா "ஐயோ, வானத்தைப் பாருங்க" என்று கத்தினார். தென்மேற்கே மஞ்சளும் சிவப்புமாக ஒரு புகை, பாம்பு மாதிரி நெளிந்து நின்றது. "பூ வைக்கிற நேரத்துல இதுவா தெரியணும்?" என்று தட்டைத் தூக்கிவிட்டார்.

எனக்கு அது என்னவென்று தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை நோட்டும் கையுமாகப் படியிறங்கி வந்து "அத்தை, அது வந்து" என்று ஆரம்பித்தாள். நான் முறைத்த முறைப்பில் நின்றுவிட்டாள். வேண்டுமென்றேதான் செய்தேன். தப்புதான். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாளே பேப்பரில் வந்துவிட்டது. அக்காவுக்கும் விஷயம் தெரிந்து, தையில் மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிள்ளையோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "ராக்கெட்டைப் போய் சகுனம்னு நம்ப விட்டுட்டியேம்மா" என்று அழுதாள். பூ வைக்காமல் போனதற்குச் சந்தோஷப்படாமல் இதற்கு அழுகிறாளே என்று முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் வெட்கமாகப் போயிற்று.

அதனால் தையில் புகைக்குப் பின்னால் ஒளிய மாட்டேன். வீரமலை நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவள் பி.எஸ்ஸி. முடிக்கும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று உங்கள் அக்காவின் முகத்தைப் பார்த்தே சொல்லப்போகிறேன். உங்களை மீறிச் சொன்னதாக இருக்க எனக்கு ஆசையில்லை. பவுனு சொல்வதுதான் என் சொல்லும் என்று அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். போடாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

அப்பாவுக்கு அந்தப் புகை தெரிந்திருக்குமா என்று பிள்ளையிடம் கேட்டேன். தூரம், பூமியின் வளைவு என்று ஏதோ கணக்குப் போட்டு, பினாங்கிலிருந்து தெரியாது என்றாள். நோட்டோடு படியிறங்கி வந்தபோது அவள் முகம் பூரித்து இருந்த இருப்பும் உங்களுக்குத் தெரியாது. பார்த்தவள் நான். என்னை நம்புங்கள்.

உங்கள் ஒரு வரிக்குக் காத்திருக்கும்,
பவுனம்மாள்