கிழக்குப் பக்கம் கொஞ்சம் பாரம்

சோப்புப் போட்டுக் கழுவியும் கிரீஸ் வாடை போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாரை மீறி அதுதான் அடிக்கிறது. "பிரியாணி தின்னாலும் உங்கிட்ட கிரீஸ் நாத்தம்தான்டா" என்று உன்னை எத்தனை தடவை ஓட்டியிருப்பேன். உன் தொலைநோக்கி மிஷினைத் தொட்டதிலிருந்து என் கையிலேயே அந்த வாடை. சோறு இறங்கவில்லை, மச்சி.

நீ போனபின் உன் மனைவி ஆழ்வார்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆதம்பாக்கத்தில் அக்கா வீட்டோடு போய்விட்டார். போவதற்கு முந்தைய வாரம் கூப்பிட்டு, நீ பாதியில் விட்ட ஓரயன் நெபுலா என்ற வானத்து ஒளிமேகத்தின் படத்தை முடித்துத் தரச் சொன்னார். "அவரு எடுத்த அதே மாடில, அதே மிஷின்ல எடுத்துக் குடுங்கண்ணா. புது வீட்டு ஹால்ல மாட்டணும்." சரி என்று சொன்ன நிமிடமே, உன் மிஷின் என் கைக்குப் பணியாதோ என்று பயந்தேன்.

பயந்தபடியே ஆயிற்று. தொலைநோக்கியைத் தாங்கி, வானம் நகரும் வேகத்தில் அதைத் திருப்ப வேண்டிய உன் மோட்டார் மவுண்ட் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போகும். திடீரென்று ஒரு துள்ளு துள்ளும். படத்தில் நட்சத்திரத்துக்கெல்லாம் வால். ஒவ்வொரு ராத்திரியும் இதே கதை. கீழே உன் மனைவி சாமான் கட்டும் சத்தம் வேறு கேட்டுக்கொண்டே இருந்தது.

நீ பார்க்கிற வரிசையிலேயே பார்த்தேன். மவுண்டின் அச்சு வடக்கை விட்டு விலகியிருந்தால் நட்சத்திரம் ஒரே திசையில் மெதுவாக வழுக்கிக்கொண்டே போகும், அப்படிப் போகவில்லை. பல்சக்கரத்தில் குறை என்றால் சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் இடறும். இதற்கு அந்த ஒழுங்கும் இல்லை. கேமரா ஒயர் இழுக்கிறதோ என்று அவிழ்த்துக் கட்டினேன், துள்ளல் நிற்கவில்லை. மிச்சம் இருந்தது மோட்டார்ப் பெட்டிதான். திருப்புளியைக் கையில் எடுத்தேன். நீ கடைசியாக முடுக்கிய திருகுகள் அவை. கழற்றினால் அதே மாதிரி மாட்ட எனக்குத் தெரியாது. படமும் போய், நீ வைத்த அமைப்பும் போய்விட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்போது கடல்காற்று லேசாக வீசியது. தொலைநோக்கிக் குழாய் இப்படியும் அப்படியும் ஆடியது. எனக்குச் சுரீரென்று உறைத்தது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று, எதிர்ப்பக்கத்து இரும்புக் குண்டை நகர்த்தி இரண்டு பக்கமும் சமமாக நிறுத்தியவன் நான்தான். உனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். நீயோ ஒருநாளும் அப்படி வைத்ததில்லை.

"இன்னா மச்சி, ஒரு பக்கமா சாஞ்சிக்கினு கீது?" என்று ஒருமுறை நான் கிண்டல் செய்தபோது நீ சிரிக்கவில்லை. "சமமாயிட்டா சக்கரத்துப் பல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம லூசா ஆடும். கிழக்கால கொஞ்சம் பாரம் வெக்கணும். அத்த தூக்கிக்கினே போனாத்தான் மோட்டாரு ஒழுங்கா போவும்."

திருப்புளியைக் கீழே வைத்தேன். கிழக்கில் நின்ற குழாய்ப் பக்கம் பாரம் கூடும்படி குண்டை ஒரு விரற்கடை உள்ளே தள்ளி முடுக்கினேன். அடுத்த படத்தில் நட்சத்திரங்கள் கடுகு மாதிரி உருண்டையாக விழுந்தன. உன் மனைவியை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அவரு எடுத்த மாதிரியே கீதுண்ணா. மிஷின நீங்களே வெச்சுக்கங்க" என்றார்.

இப்போது அது என் மந்தைவெளி மாடியில் இருக்கிறது. சுவிட்சைப் போடுமுன் குழாயை உள்ளங்கையில் தாங்கிப் பார்க்கிறேன். நீ வைக்கச் சொன்ன பாரம் லேசாக அழுத்துகிறது. எங்கே கெடுத்துவிடுவேனோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் தனியாகப் பயப்படவில்லை, மச்சி.