வெளியே எடுத்து வைத்த கோழி

மார்ச் 3, திங்கள்

கண்ணம்மாள் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய்விட்டாள். அவள் தங்கைக்கு ஆபரேஷன், ஒரு வாரம் அங்கேதான். நாளைக்கு ஓசூரிலிருந்து மகள் வெண்மதி வருகிறாள். முழுகாமல் இருக்கிறாள், எதைத் தின்றாலும் வாந்தி. "கடைக்கறி வாசனையே ஆவ மாட்டேங்குதுப்பா. அம்மா வளத்த கோழின்னா எறங்கும்" என்றாள். அந்தக் கோழி ஃப்ரீசரில் இரண்டு பொட்டலம் இருக்கிறது, அவ்வளவுதான். நானே குழம்பு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் முன்னால் போகும்.

மார்ச் 4

கல்லாட்டம் இருந்த கறியை அப்படியே எண்ணெயில் போட்டேன். எண்ணெய் என் மேல் பாய்ந்தது. மேலெல்லாம் கருகல், வெட்டிப் பார்த்தால் உள்ளே ஐஸும் ரத்தமும். மாசமாக இருக்கிற பிள்ளைக்கு இதையா கொடுப்பது? கொட்டிவிட்டேன். அவள் ரசம் குடித்தாள். அதுவும் நிற்கவில்லை.

போனில் கண்ணம்மாள்: "ஐஸ் கரையாம யாராச்சும் போடுவாங்களா? நாளைக்கு ஆக்கறதுக்கு முன்னாடியே வெளியே எடுத்து வெச்சிடுங்க."

மார்ச் 5

வைத்தேன். வாசலில், துவைக்கிற கல் மேல், நல்ல வெயிலில்.

நாய்.

கண்ணம்மாளிடம் சொன்னேன். "ஃப்ரீசருக்கு வெளியேன்னு சொன்னேங்க. வூட்டுக்கு வெளியேன்னா சொன்னேன்?" சிரிக்கிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரலை. உள்ளே புள்ள வாந்தி எடுக்குது. இருந்த ரெண்டையும் தொலைச்சிட்டேன். இனி என்னத்த ஆக்கிப் போடுவேன்?

மார்ச் 6

ஃப்ரீசரில் மிச்சம் பச்சைப் பட்டாணிதான். இந்த முறை உஷார்: கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, உள்ளேயே தட்டில் பரப்பப் போனேன். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று போன் போட்டேன்.

"பட்டாணிக்கு எதுக்குங்க? கொழகொழன்னு ஆயிரும். அரிசியோட அப்படியே போடுங்க."

அப்படியே போடலாமாம்! என் அவசரத்துக்கென்றே காய்த்த காய் போல.

வெங்காயம், சீரகம், அரிசி, பட்டாணி. வெண்மதி ஒரு தட்டு தின்றாள். எப்போது எழுந்து ஓடுவாளோ என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடவில்லை. "இன்னுங் கொஞ்சம் போடுப்பா" என்றாள்.

மார்ச் 10

கண்ணம்மாள் தங்கை வீட்டுச் சேவலோடு வந்து இறங்கினாள். குழம்பு கொதிக்கும்போதே வெண்மதி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கோவிச்சுக்காதம்மா. அப்பாவே பட்டாணிச் சோறு ஆக்கட்டும்."

கண்ணம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கரண்டியை என் கையில் கொடுத்தாள்.

துவைக்கிற கல் பக்கத்தில் அந்த நாய் உட்கார்ந்திருக்கிறது. தினமும் வருகிறது. ஆக, என் சமையலை நம்பி இப்போது இரண்டு பேர்.