உன் பெயரில் நுழைந்தால் திரை கறுக்கிறது

கடவுச்சொல்லை வாங்கிக்கொண்ட பிறகு கம்ப்யூட்டர் திரை ஏன் கறுத்துப்போகிறது? மூன்று நாளாக இதே கேள்விதான், எனக்குத் தெரியவில்லை. கிராபிக்ஸ் கார்டின் விசிறி மட்டும் சுற்றி, சூடேறிய தூசியின் வாசனையை அறைக்குள் ஊதுகிறது. அந்த வாசனை வந்தாலே நீ பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல் தோன்றும். இந்த முறை கோபம்தான் வந்தது.

எடப்பாடியில் நாம் இந்தச் சேலை டிசைன் அறையைத் தொடங்கியபோதே கம்ப்யூட்டரில் விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் என்று நீ முடிவுசெய்துவிட்டாய். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திரையைத் தேர் மாதிரி நீ ஜோடித்ததுதான் பிடிக்கவில்லை. திரையில் திறக்கும் ஜன்னலை இழுத்தால் துணிபோல் நெளியும். மூடினால் தீப்பிடித்து எரியும். அதற்கென்றே ஒரு கார்டு. எதற்கு இதெல்லாம் என்றால், “வெறுஞ்செவுத்தப் பாத்துக்கிட்டு எப்படிப் புள்ள பார்டர் போடறது?” என்பாய். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஏதாவது உடையும். என்னை டீ வாங்க அனுப்பிவிட்டு நீயே சரிசெய்வாய். விளக்கமாட்டாய்.

நீ கண்மூடிய பிறகும் உன் பெயரில்தான் நுழைகிறேன். எதையும் மாற்றவில்லை. மூன்று நாளுக்கு முன் வந்த அப்டேட்டில்தான் திரை போனது. கார்டை இயக்கும் டிரைவரை எடுத்தேன், போட்டேன், பழைய பதிப்புக்குப் போனேன். இணையத்தில் கேட்டால் “எனக்கு நன்றாக ஓடுகிறதே” என்கிறார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரரோ, “எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டறலாங்க மேடம்” என்கிறார். நீ அமைத்தது முழுவதும் போய்விடும்.

கல்யாணச் சேலைக்குத் தறியைக் காலியாக வைத்திருக்கும் மாணிக்கம் இன்றும் வந்தார். திரையைப் பார்த்தார்.

“ஏனுங்க அக்கா, கறுப்பு டிசைன் நான் கேக்கலீங்களே?”

“நாளைக்குக் காட்டறேங்க.”

“நேத்தும் அதேதான் சொன்னீங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க போன் மேல போன் பண்றாங்க. நாளைக்கும் இல்லைன்னா நான் சேலத்துல பாத்துக்கறேனுங்க.”

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

அழிப்பதற்கு முன் கடைசியாக ஒன்றைச் செய்து பார்த்தேன். எழுத்து மட்டும் தெரியும் திரையிலிருந்து என் பெயரில் ஒரு புதிய கணக்கைத் தொடங்கினேன். நுழைந்ததும் திரை வந்துவிட்டது. அதே கார்டு, அதே டிரைவர். உன் அலங்காரங்களில் ஏதோ ஒன்றுதான் புதிய அப்டேட்டோடு ஒத்துப்போகவில்லை. எது என்று தெரியவில்லை. உன் கணக்கில் இருந்த கல்யாணச் சேலை டிசைன் கோப்பை நகலெடுத்துத் திறந்து வைத்தேன்.

மாணிக்கம் வந்து வெகுநேரம் பார்த்தார். “மாங்கா கொஞ்சம் நெருக்கமா இருக்குதுங்க. தள்ளிப் போடுங்க, நாளைக்கே தறியில ஏத்திக்கறேன்.” தள்ளிப் போட்டேன்.

அவர் போனதும் உன் பெயரில் ஒருமுறை நுழைந்து பார்த்தேன். கறுப்பு. உன் கணக்கை அழிக்காமல் வெளியே வந்தேன்.

என் திரையில், செயலிகளைத் திறக்கும் பட்டை கீழே இருந்தது. கையோ ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே போனது. நீ அதை அங்கேதான் வைத்திருந்தாய். சாயங்காலத்துக்குள் நானும் அதை இடப்பக்கம் மாற்றிக்கொண்டேன்.