ஐரனிக்கு ஓர் உதாரணம்

ஜூன் 9, திங்கள்

விடிஞ்சதிலிருந்து காத்து. மழை பாலக்காட்டோட நின்னுக்குது, கொழிஞ்சாம்பாறைக்கு வெறும் காத்துதான். கொடியில் போட்ட சேலை பக்கத்துத் தோப்பில்.

ப்ளஸ் டூவுக்கு ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச். சிமிலி, மெட்டஃபர் சுலபம். உவமை, உருவகம்னு தமிழ்ல படிச்சதுதானே. பெர்சனிஃபிகேஷனுக்கு ஒருத்தி, "காத்து எங்க ஊட்டுத் தகரத்தத் தூக்கிட்டு ஓடுதுங்க டீச்சர்"ன்னா. அருமை.

ஐரனியில் எல்லாரும் முழிச்சாங்க. நினைச்சதுக்கு நேர்மாறா நடக்கணும், கேட்டா சுருக்குனு இருக்கணும்னேன். கடைசி பெஞ்ச் ஃபாசில் எழுந்தான்.

"ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லித் தர்ற டீச்சரோட மகளே இங்கிலீஷ்ல ஃபெயிலாகறதுங்க."

பாதிப் பேர் சிரிப்பு. எங்க தெருப் பிள்ளைங்க ரெண்டு மூணு குனிஞ்சுக்கிச்சு. பாவம், இவனுக்கு ஒண்ணும் தெரியாது. என் மக ரம்யா படிச்சது பக்கத்துச் சித்தூர் ஸ்கூல்ல.

"எங்கப்பா கேட்டே இத?"

"பிரேமா டீச்சர் வீடியோவுலங்க."

கரெக்ட், உட்காருன்னேன். போர்டைத் துடைச்சேன். வேற என்ன செய்ய.

பஸ்ஸில், பிரேமா நெட்ல போடற பாட வீடியோவைப் பார்த்தேன். பிரேமா மெரூன் சேலையில், சிரிச்சுக்கிட்டே. 'எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர்'. பேர் இல்ல. கீழே ஏகப்பட்ட சிரிப்புப் பொம்மை.

ஜூன் 10, செவ்வாய்

இஞ்சி, புளி, அவருக்கு பி.பி. மாத்திரை.

மத்தியானம் ஸ்டாஃப் ரூம். பிரேமாவும் நானும் மட்டும். இந்த ஸ்கூலுக்கு அவ வந்த நாளிலிருந்து ஒரே பெஞ்ச், ஒருத்தி டப்பால ஒருத்தி கை.

"அந்த ஐரனி வீடியோவ எடுத்துரு பிரேமா."

சாப்பிட்டுக்கிட்டே சொன்னா, "நீங்கதானக்கா ரிசல்ட் அன்னைக்கு இங்க உட்காந்து அழுதுட்டே சொன்னீங்க, என்ன ஐரனி பாரு பிரேமான்னு. எனக்கு அது மனசுலயே நின்னுருச்சு."

"அழுதுட்டு சொன்னேன்."

"பேரு சொல்லலைல்லக்கா? ஒரு உதாரணம்தான? அதத்தான் நெறையப் பேரு பாத்திருக்காங்க."

டப்பாவை மூடிட்டேன். தக்காளிச் சாதம் அப்படியே வீட்டுக்கு வந்தது.

அவர்கிட்ட சொன்னேன். "உட்டுத்தள்ளு. பேரு வரலைல்ல?" இவரும் அதையே.

ஜூன் 12, வியாழன்

ரம்யா தோழி வீட்டுக்குச் சேர்ந்து படிக்கப் போறதை நிறுத்திட்டா. தலைவலியாம். ஃபெயிலானவங்க மறுபடி எழுதற 'சே' பரீட்சை நெருங்குது. வீடியோ பார்த்திருப்பாளோ? கேட்க வாய் வரலை.

ஹெச்.எம். கூப்பிட்டார். வாசிப்பு தின விழாவில், பாட வீடியோ போடறதுக்காகப் பிரேமாவுக்குப் பொன்னாடை. "நிங்கள்தான் அடுத்த ஃப்ரண்ட். ரெண்டு வார்த்தை பேசணும் டீச்சரே." அவர் மலையாளத்துல 'அடுத்த'ன்னா நெருக்கமான. சரின்னேன். ஏன் சரின்னேன்?

ஜூன் 19, வியாழன்

பேசிட்டேன்.

ஹால் முழுக்கப் பிள்ளைங்க. பெற்றோர் நாலு வரிசை. ரம்யாவை அவர்தான் கூட்டிக்கிட்டு வந்திருந்தார், வீட்டுலயே அடைஞ்சு கிடக்காளேன்னு. பின்னாடி தூணோரம் நின்னா. எனக்குத் தெரியும், பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பேசினேன்.

முதல்ல நல்லாத்தான் ஆரம்பிச்சேன். பிரேமாவோட உழைப்பு, குரல், பொறுமை. அப்புறம்: "ஐரனிக்கு ஒரு டீச்சரைச் சொன்னாங்களே, அது நான். அந்தப் பொண்ணு என் மக ரம்யா. அடுத்த வாரம் மறுபடி எழுதப் போறா. ஒரு புள்ள தோத்தது உங்களுக்கு உதாரணமா?"

முன் வரிசையில் ஒரு அம்மா புரியாம கை தட்டி, பாதியில் நிறுத்தினாங்க. ஹெச்.எம். மைக்கைப் பிடிச்சு, "மதி டீச்சரே, மதி"ன்னார், போதும்னு. பிரேமா பொன்னாடையோட அழுதா. அழட்டும்.

கீழே இறங்கும்போது உடம்பெல்லாம் லேசா இருந்தது. தூணோரம் யாருமில்ல.

ஜூன் 20, வெள்ளி

பிரேமா வீடியோவை எடுத்துட்டா. காலையில் அவர் போன்ல என் பேச்சு. யாரோ பிடிச்சு பேரண்ட்ஸ் குரூப்ல போட்டிருக்காங்க. பொள்ளாச்சியிலிருந்து நாத்தனார் போன்: "ரம்யா ஃபெயிலா? எங்களுக்குச் சொல்லவே இல்லீங்களே அண்ணி?"

ரம்யா கதவைத் திறந்தது சாயங்காலம். தட்டு வெச்சேன். உட்காரலை.

"நான் உனக்காகத்தான் பேசினேன் கண்ணு."

"நான் கேட்டனா?"

"அவ உன்னைய வெச்சு ஊரையே சிரிக்க வெச்சாளே."

"அந்த வீடியோவ நான் அப்பவே பாத்துட்டேன். நாலு நாள் அழுதேன். சரியாப் போச்சு. பிரேமா டீச்சர் எம்பேரச் சொல்லலை. நீதாம்மா சொன்ன."

தட்டை எடுத்துக்கிட்டு உள்ளே போனேன். சரியாத்தான் சொல்றா.

ஜூன் 22, ஞாயிறு

காத்து. தோசை மாவு புளிச்சுப்போச்சு. ரம்யா படிக்கிறா. உள்ளே சத்தம் கேட்குது, எஸ்ஸே மனப்பாடம். ரெண்டு இடத்துல உச்சரிப்புத் தப்பு. திருத்தலாம்னு எழுந்தேன். கதவுகிட்ட போனதும் சத்தம் நின்னுபோச்சு. திரும்பி வந்துட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

இங்கிலீஷ் பேப்பர். லீவு போட்டிருந்தேன், சித்தூர் வரை கூடப் போக. வேண்டாம்னுட்டா. அப்பாவோட பைக்கில் போனா. விபூதி வெச்சுவிட்டேன், நெத்தியைக் காட்டினா, கண்ணைக் காட்டலை.

லீவை ரத்து பண்ணிட்டு ஸ்கூலுக்குப் போனேன். ஸ்டாஃப் ரூம்ல பிரேமா வேற பெஞ்ச்.

மத்தியானம் அவர் போன். "நல்லா எழுதியிருக்காளாம். பாஸாயிருவாளாம்."

"எங்கிட்டச் சொல்லச் சொன்னாளா?"



"நானாத்தான் சொல்றேன்"ன்னார்.