ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு

என்னங்க,

நான் டூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

மெக்கானிக் அண்ணன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து விட்டுட்டார். சாவி ஆணியில தொங்குது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் புது ஆயில் ஊத்தியாச்சாம். "ரிவர்ஸ்ல உருண்டுக்கிட்டு இருக்கும்போதே முன்னால போற டிரைவ் கியரைப் போட்டா, எந்த ஆயில் ஊத்தினாலும் தாங்காதும்மா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார்.

எனக்குத் தெரியாதா? அன்னிக்குச் சண்டையில பாதிப் பேச்சுல எழுந்து போனீங்களே, வாசல்ல வண்டி கியர் மாறின அந்த 'டொக்' இன்னும் காதுல இருக்கு.

பிரேக்கை மிதிச்சு, வண்டி முழுசா நின்னப்புறம் கியரை மாத்துங்க. கோபமா கிளம்பினாலும் சரி.

சொல்ல மறந்துட்டேன்: நீங்க கிளம்பும்போதெல்லாம் நான் சமையலறை ஜன்னல்லதான் நிக்கிறேன். நீங்க பார்த்ததே இல்லை. இனிமே வண்டி நிக்கிற அந்த ஒரு நொடி, இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க.