காலி வண்டிக்கு எத்தனை பட்டை

இன்று காலை சென்னையிலிருந்து வந்த பார்சலைப் பிரித்தேன். எண்ணெய்க் காகிதம் சுற்றிய நான்கு ஷாக் அப்சார்பர்கள். அந்தக் காகிதத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் கடையில் நின்றபடியே மனசுக்குள் உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். இத்தனை வருடமாக இந்த வாசனைக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் சில நாள் இப்படி ஆகிறது.

பார்சல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரருக்கு. பெங்களூரில் வேலை, திருப்பதியில் வீடு. புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியிருக்கிறார். கூரைமேல் கூடாரம், பின்னால் தண்ணீர் டேங்க், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் ஏற்றிக்கொண்டு மனைவியோடு லடாக் போகிறாராம். "இருக்கறதுலயே கெட்டியான ஸ்பிரிங்கா போடுங்க சார்" என்றார். முதலில் சாமானோடு எடை போட்டு வாருங்கள், முன் சக்கரம் தனி, பின் சக்கரம் தனி, அப்புறம் காலி வண்டியையும் போடுங்கள் என்று அனுப்பினேன். "ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஷாக் குதிப்பைப் பிடிக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது" என்றேன். மனிதர் அதைப் போனில் குறித்துக்கொண்டார். இப்படிப் பேசுகிறேன் என்பதால்தான் என்னைத் தேடி ஆள் வருகிறது. இது உன் பேச்சு என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

சத்தியவேட்டுப் பக்கம் நம் இரண்டு வீடும் ஒரே தெருவில், கூலி வேலைக்குப் போகிற வீடுகள். நான் மெட்ராசில் பழைய பார்ட்ஸ் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து திருப்பதியில் விற்று மேலே வந்தேன். நீ குவைத்துக்குப் போய், பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் ஒரு குடும்பத்துக்கு நாலு வருடம் வண்டி ஓட்டினாய். நீ திரும்பியபோது எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ஏலத்தில் எடுத்த நீள ஜீப் ஒன்று இருந்தது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. புதுப்புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். கையில் சம்பளம் பார்த்தவர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். தலகோனா காட்டுப்பாதை, ஸ்ரீசைலம், சபரிமலை. பத்து ஆள், ஒரு சமையல்காரர், அண்டா, அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம். நீ ஓட்டுவது, நான் பார்ட்டி பிடிப்பது என்று பேசிக்கொண்டோம்.

வண்டியைத் தயார் செய்யச் சித்தூருக்குக் கொண்டுபோனோம். நீ பட்டறைக்குப் போகாமல் நேராக வெல்ல மண்டியின் எடை மேடைக்கு விட்டாய். காலியாக ஒருமுறை, பத்துப் பேர் கணக்குக்கு வெல்ல மூட்டை ஏற்றி ஒருமுறை. மண்டிக்காரர் "ஜீப்பா விக்கிறீங்க, கிலோ இன்னா வெல?" என்று கேட்டார். நீ உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாய்.

பட்டறையில் பின் ஸ்பிரிங்குக்கு எத்தனை இரும்புப் பட்டை அடுக்குவது என்று பேச்சு வந்ததும், அந்தக் கையை விரித்து என்னிடம் காட்டினாய்.

"ஏழு மெல்லிசு பட்ட போதும். அதுக்கு அடியில எடம் வுட்டு ரெண்டு தடிப் பட்ட. ஆளு ஏறி வண்டி எறங்கனாத்தான் அந்த ரெண்டும் வேலைக்கு வரணும். ஷாக்கு மட்டும் நல்லதா வாங்கு."

"பேசாம பத்து பட்ட, எல்லாம் தடியா போட்டுட்டா இன்னா?"

"லோடுல நல்லாத்தான் இருக்கும். காலியா போனா மாட்டு வண்டி தேவலாம்னு தோணும்."

"காலியா யாருடா போப்போறாங்க? நான் இன்னா தர்மத்துக்கா வண்டி வுடறேன்?"

"பார்ட்டிய எறக்கி வுட்டுட்டு நான் வருவேன்ல? நான் ஆளு இல்லியா?"

என் கணக்கு வேறு. வண்டி பேச வருகிறவன் அதைச் சுற்றி வந்துதான் பார்ப்பான். தடிப் பட்டையில் பின்பக்கம் தூக்கி நின்றால் அவனுக்கு நம்பிக்கை வரும். ஷாக் அப்சார்பர் அடியில் ஒளிந்திருக்கிற சாமான், அதை எவன் குனிந்து பார்க்கிறான்? சாதாரணமானது போதும் என்றேன். நீ விடவில்லை. பட்டறை ஆட்கள் முன்னாலேயே திரும்பத் திரும்பச் சொன்னாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வண்டி என்னுதுடா" என்றேன்.

நீ கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாய். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தாய். உள்ளங்கையில் எழுதியிருந்த எடை எல்லாம் அழிந்து போயிற்று. "சரிங்க மொதலாளி" என்றாய். அதுவரை எனக்கு நீ வைத்திருந்த பெயர் 'டேய்'தான். அதற்கப்புறம் நான் எப்போதும் முதலாளிதான். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். நானும் சிரித்துக்கொண்டேன்.

பத்துத் தடிப் பட்டையோடு ஆறு வருடம் ஓட்டினாய். வியாபாரம் நன்றாகவே நடந்தது, அதை மறைக்கவில்லை. பார்ட்டியை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு கடைவாசலுக்கு வந்து நிறுத்துவாய். இறங்கி இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பாய்.

"இன்னாடா?"

"ஒன்னுமில்ல மொதலாளி, எலும்பெல்லாம் எடத்துலதான் கீதான்னு பாக்கறேன்."

முதுகுவலி என்று நீ சொல்ல ஆரம்பித்தபோது டிரைவருக்கு வருகிற வலி என்றுதான் நினைத்தேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் புற்று என்றார்கள். நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து, வண்டி குதித்துக் குதித்து வந்திருக்குமா என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். வெளியே வந்து நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். நீ உள்ளே படுத்திருந்தாய். 

வெதுருகுப்பத்தில் உன் வீட்டுக்காரம்மா ஊரில்தான் இருந்தாய். அங்கிருந்து சித்தூர் வழியாக வேலூருக்குப் போய்க் கரண்ட் வைக்கவேண்டும், ரேடியேஷனுக்கு நம் ஊரில் அதுதான் பெயர். காரில் உன்னால் மடங்கி உட்கார முடியவில்லை. நீட்டிப் படுக்க இடமிருந்த வண்டி நம் ஜீப் ஒன்றுதான். மெத்தை விரித்து உன்னை ஏற்றினோம். உன் வீட்டுக்காரம்மா தலைமாட்டில் உட்கார்ந்தது. நான் ஓட்டினேன்.

வண்டியில் மூன்றே பேர். பத்துப் பட்டையும் அசையவே இல்லை. சித்தூர் தாண்டி ரோடு பேர்ந்து கிடந்த இடத்தில் ஒவ்வொரு பள்ளமும் நேராக உன் முதுகுக்குப் போயிற்று. நீ கத்தவில்லை. துண்டை வாயில் கடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். உன் வீட்டுக்காரம்மா தன் தெலுங்கில், மெதுவாக என்று, "நெம்மதிகா அன்னா, நெம்மதிகா" என்று சொல்லிக்கொண்டே வந்தது. நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். அதற்குமேல் எங்கே மெதுவாகப் போவது?

செக்போஸ்ட் பக்கம் நிறுத்தினேன். துண்டை எடுத்துவிட்டு நீ சொன்னாய்: "மொதலாளி, வண்டில லோடு இல்ல. அடுத்த வாட்டி ஒரு பன்னண்டு மூட்ட ஏத்து. பட்ட கொஞ்சம் எறங்கும்."

திட்டியிருக்கலாம். எத்தனை மூட்டை என்பதைத்தான் சொன்னாய்.

அடுத்த முறை பன்னிரண்டு சிமெண்டுப் பையில் மணல் நிரப்பித் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் மெத்தை போட்டு உன்னைப் படுக்கவைத்தேன். வண்டி இறங்கியது. அடி குறைந்தது. செக்போஸ்டில் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா லோடு?" என்றார். மணல், வேலூருக்கு என்றேன். "பாலாத்துக்கே மணல் எடுத்துக்கினு போற மொத ஆளு நீதான்யா" என்றார். உள்ளேயிருந்து நீ குரல் கொடுத்தாய்: "அந்த ஆத்துல கல்லு ஜாஸ்தி சார். எங்க மொதலாளிக்குப் புடிக்காது." சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தாய்.

ஆனால் அடிதான் குறைந்தது, ஆட்டம் நிற்கவில்லை. நான் போட்ட சாதாரண ஷாக்கால் அந்த எடையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒரு பள்ளத்துக்கு நாலு தரம் வண்டி தொட்டிலாட்டம் ஆடியது. காட்பாடிக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாய்.

அந்த முறை உன்னை அங்கேயே மூன்று வாரம் சேர்த்துக்கொண்டார்கள். நான் சித்தூர் பட்டறைக்குப் போய்ப் பத்துப் பட்டையையும் கழற்றினேன். ஏழு மெல்லிசு, இடம் விட்டு ரெண்டு தடி. மெட்ராசிலிருந்து நல்ல ஷாக் நான்கு. ஆறு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை, சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர்கள் சொன்ன நாளில் அந்த வண்டியில் உன்னை ஏற்றினேன். மணல் மூட்டை இல்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை. காட்பாடி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாய். வலி வந்த பிறகு வண்டியில் நீ தூங்கி நான் பார்த்ததில்லை. உன் வீட்டுக்காரம்மா பயந்துபோய் இரண்டு முறை மூக்குக்குக் கீழே கைவைத்துப் பார்த்தது. அந்தப் பேர்ந்த ரோட்டின் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் கடந்தேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியைப் பார்த்தேன். நீ அசையவில்லை.

சித்தூரில் கண் விழித்தாய்.

"செக்போஸ்ட் தாண்டிட்டமா?"

"சித்தூரே வந்துட்சி."

வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தாய். அப்புறம் கேட்டாய்: "ரோடு போட்டுட்டாங்களா?"

பட்டையை மாத்திட்டேன்டா, நீ சொன்னதுதான் சரி. இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் ஆறு வருடம் ஏன் மாற்றவில்லை என்று அடுத்த கேள்வி வருமே. நீ கேட்டிருக்கமாட்டாய். எனக்கே அந்தக் கேள்வி கேட்டது. விற்கத் தெரிந்த வாய்க்கு ஒப்புக்கொள்ளத் தெரியவில்லை.

"ஆமா. போன வாரந்தான் போட்டாங்க" என்றேன்.

உன் வீட்டுக்காரம்மா வெளியே குண்டும் குழியுமான ரோட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. 

"கான்ட்ராக்டரு நல்லா போட்டுக்கிறான் மொதலாளி" என்றாய். "கொஞ்சம் லேட்டு. ஆனா நல்லா போட்டுக்கிறான்."

வண்டிக்கு அடியில் எந்த ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லுகிறவன் நீ. உனக்கா தெரியாது?

அப்புறம் ஒன்பது நாள் இருந்தாய். தினமும் இளநீரோடு வந்தேன். மாங்காய் விலை பேசினோம், ஊர்க்காரன் ஒவ்வொருவனாகத் தடா பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போவதைப் பேசினோம். ஏழாம் நாளோ என்னவோ, "வண்டி காலியா எப்டி போவுது?" என்று நீயே ஒரு வழி திறந்துவிட்டாய். "போவுது" என்றேன். நீ தலையாட்டினாய். அதற்குமேல் நீ என்னை நெருக்கவில்லை.

சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருடமாகச் சுமக்கிறேன். எடை மேடையில் வைத்துப் பார்க்க முடியாத லோடு அது. இறக்கி வைக்கவும் ஆள் இல்லை.

இப்போது அந்த ரோட்டை நிஜமாகவே போட்டுவிட்டார்கள், நாலு வழியாக. போன மாதம் வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, சித்தூர் தாண்டி அந்த இடத்தில் டிரைவரை ஓரம் கட்டச் சொன்னேன். கதவைத் திறந்து இறங்கினேன். பள்ளம் இருந்த இடம் எது என்று தெரியவில்லை. வண்டிகள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. 

"ரோடு இப்பதான்டா போட்டாங்க" என்றேன்.