கனகம் ஏறும் வள்ளம்

சித்திரை 17, செவ்வாய்

வெயில். காற்று இல்லை. வாவி தட்டையாகக் கிடக்கிறது.

எழுத்து கோணல்தான், பொறுக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? கொப்பியிடம்தான். அறுபத்தெட்டு வயது வரைக்கும் வலைக்கயிறு பிடித்த கை. பேனையைப் பிடித்தாலும் கம்பு ஊன்றுவது போல அழுத்துகிறது. பின்பக்கத்துத் தாளில் எழுத்து புடைத்துத் தெரிகிறது. ‘ழ’ வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அகதி முகாமில் இருந்த எட்டு மாதத்தில் ஒரு ரீச்சர் பிள்ளை பழக்கியது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. எனக்கு எழுத்து இருந்தது.

இன்றைய வேலை: வள்ளத்தின் மேல்தட்டைத் தட்டிப் பார்த்தேன். தேங்காய் பார்ப்பது போல, விரல் முட்டியால். நல்ல இடம் ‘டக்’. கெட்ட இடம் ‘டொப்’. முன் தட்டு முழுக்க ‘டொப்’. நடுவில் கனகத்தின் கால் போன ஓட்டை.

கனகம் என் பெண்சாதி. மாசி மாதம் வள்ளத்தில் ஏறியவள், தட்டு உடைந்து முழங்கால் வரை உள்ளே போய்விட்டாள். கரையில் நின்ற சனம் சிரித்தது. “யானை ஏறினா வள்ளம் என்ன செய்யும்?” என்று யாரோ கேட்டது அவளுக்கும் கேட்டது. எழும்பிச் சேலையை உதறிவிட்டுச் சொன்னாள்:

“இனி உங்கட வள்ளத்தில கால் வச்சா நான் கனகமில்ல.”

அவளுடைய ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். வைகாசியில் அங்கே கண்ணகி அம்மன் சடங்கு. அவளுடைய அக்கா அங்கேதான். பார்த்து ஆறு வருடம். ஆட்களை ஏற்றி இறக்கும் பாதைப் படகு இப்போது ஓடுவதில்லை. இந்த வருடம் சடங்கின் கடைசி நாளான குளிர்த்தியில் மட்டும் சொந்த வள்ளத்தில் போய் மாலைக்குள் திரும்பலாம் என்று ஆமிக்காம்பில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கரையில் மிஞ்சிய வள்ளம் மூன்று. மற்ற இரண்டும் சின்னத் தோணி, மூன்றாவது ஆள் ஏறினால் தண்ணீர் குடிக்கும்.

குளிர்த்தி வைகாசி 13. இன்னும் இருபத்தேழு நாள்.

சித்திரை 19, வியாழன்

பார்சல் வந்தது. காத்தான்குடி மீராலெவ்வை பஸ்ஸில் ஏற்றி விட்டது. சோதனைச் சாவடியில் தகரத்தைத் திறந்து மணந்து பார்த்தார்களாம். மணம் பிடிக்காமல் உடனே மூடிவிட்டார்கள் என்று கொண்டக்டர் சொன்னார்.

உள்ளே இருந்தவை:
ரெசின், ஒரு தகரம்
அதை இறுக்கும் ஹார்ட்னர், ஒரு சின்னப் போத்தல்
கண்ணாடி நார்ப் பாய், ஒரு சுருள்
ஒரு துண்டுக் கடிதம்

இந்த பைபர் வள்ளத்தை வார்த்தவனே மீராலெவ்வைதான். நாற்பது வருடச் சிநேகிதம். இப்போது அவன் இங்கே வருவதில்லை, நான் அங்கே போவதில்லை. ஏன் என்று இரண்டு ஊருக்கும் தெரியும். எழுதவில்லை. நான் வாசிக்கப் பழகியதைக் கொண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன்.

கடிதம் ஏழு வரி. வாசிக்க அரை மணித்தியாலம்.

“மச்சான், உக்கின பலகைய எல்லாம் வெட்டி எடு. புதுசா பிளைவுட் வை. ஒரு சிரட்டை ரெசினுக்கு அரை மூடி ஹார்ட்னர். பூசி, மேல பாய விரிச்சு, திரும்பவும் பூசு. பிரசால குத்திக் குத்திக் காத்த வெளியேத்து. நாலு மணித்தியாலத்தில கல்லு. முந்தி எண்டா பக்கத்தில நிண்டு பாப்பாய். இப்ப வாசி.”

வாசித்தேன். மூன்று முறை. மூன்றாவது முறை வேகமாக வந்தது.

சித்திரை 22, ஞாயிறு

தட்டை வெட்டித் திறந்தேன். உள்ளே பலகை கஞ்சி போல. அள்ளினால் கையில் வருகிறது. கிடைத்தவை: நண்டு ஓடு. ஒரு பத்துச் சதக் காசு. தூண்டில் முள் இரண்டு. ஒரு துவக்குச் சன்னம்.

சன்னம் போன துளை தட்டின் மேலே சுண்டுவிரல் அளவு. நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் பட்டிருக்க வேண்டும். அதன் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, பலகை உக்கியிருக்கிறது. கனகத்தின் பாரத்தால் உடைந்த தட்டு அல்ல. ஒரு கோழி ஏறியிருந்தாலும் உடைந்திருக்கும்.

சன்னத்தை வாவியில் எறிந்தேன். வைத்திருந்தால் வில்லங்கம். கனகத்திடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாள்.

சித்திரை 24, செவ்வாய்

புதுப் பலகை அளவாக வெட்டியாயிற்று. கல் வைத்து வாவியில் ஊறப் போட்டிருக்கிறேன். இரண்டு இரவு ஊற வேண்டும். ஊறிய பலகைதான் சொன்னபடி வளையும், இடுக்கில்லாமல் பொருந்தும். ஐம்பது வருடம் தோணி கட்டிய அனுபவம். மீராலெவ்வை இதை எழுத மறந்துவிட்டான். நல்ல காலம், எனக்குத் தெரிந்திருந்தது.

சித்திரை 26, வியாழன்

காலையில் பலகை வைத்து, ரெசின் பூசி, பாய் விரித்து, குத்திக் குத்திக் காற்றை எடுத்தேன். அரைத் தகரம் முடிந்தது.

நாலு மணித்தியாலம்: கல் இல்லை.
ஆறு மணித்தியாலம்: பால் போல வெள்ளை.
பொழுதுபட: விரல் ஒட்டுகிறது. பறந்து வந்த ஓர் இலையான், ஒரு கோழி இறகு, என் சாரத்து நூல் ஒட்டியிருக்கின்றன.

சித்திரை 27, வெள்ளி

ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். முழுத் தட்டும் அப்படியே எழும்பி வந்தது. கனகம் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

“தோசை நல்லா எழும்புது. சம்பல் அரைக்கட்டா?”

தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் அரைத் தகரம்தான் உண்டு. இன்னொரு தரம் பிழைத்தால் அவள் அக்காவைப் பார்ப்பது இந்த வருடமும் இல்லை.

சித்திரை 28, சனி

மீராலெவ்வைக்குக் கடிதம் எழுதினேன். என் வாழ்நாளில் முதல் கடிதம். மூன்று தாள் கிழித்து நாலாவதில் முடித்தேன். செய்ததெல்லாம் எழுதினேன், ஊறப் போட்டதையும் சேர்த்து. தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விழுந்த சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

வைகாசி 2, வியாழன்

கச்சான் தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து நெருப்புக் காற்று.

தபால்காரர் யோகன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, வழக்கம் போல உறையைக் கிழிக்கப் போனார். இந்த ஒழுங்கைக்கு வரும் கடிதம் எல்லாம் அவர் வாயால்தான் வரும்.

“தம்பி, அத இஞ்ச தாங்க.”

“நான் வாசிக்கிறன் அப்பு. அவசரத்துக்குத் தானே வந்திரிக்கு.”

“அவசரமில்ல. தாங்க.”

தந்தார். ஆனால் போகவில்லை. நான் வாசித்து முடிக்கும் வரை நின்றார். கனகம் தேத்தண்ணி கொடுத்தாள், அதையும் குடித்தார். மற்ற வீட்டுக் கடிதங்கள் இன்று பிந்தியிருக்கும்.

மீராலெவ்வை எழுதியது:

“மச்சான், உன்ட கடிதத்த எங்கட ஊட்டில ரெண்டு பேர் சேந்துதான் வாசிச்சம். நண்டு நடந்த மாதிரி இரிக்கு. ஆனா நண்டு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேந்திட்டு. பிழை என்னிலதான். நீ தோணிக்காரன் எண்டத மறந்து போனன். தோணிக்குத் தண்ணி சொந்தக்காரன், ரெசினுக்கு அவன் விரோதி. பலகைய எலும்பாக் காய வை. காஞ்சதா எண்டு பாக்க, சொப்பிங் பையக் கிழிச்சு மேல விரிச்சு, ஓரத்த ஒட்டி வெயில்ல வை. உள்ளுக்கு வேர்த்தா ஈரம் இரிக்கு. வெயில் ஏற முந்தி வேலைய முடி. தட்டு தாங்கினா எழுது. தாங்காட்டியும் எழுது.”

யோகன் கேட்டார்: “நண்டு எண்டது ஆர் அப்பு?”

“நான்தான்.”

வைகாசி 4, சனி

பலகை முற்றத்தில். ஒட்டியதைச் சுரண்டி எடுத்து, சொப்பிங் பை ஒட்டி வைத்தேன். காலை எட்டு மணி: முத்து முத்தாக வேர்வை. பன்னிரண்டு மணி: வேர்வை.

“பலகைக்குக் காய்ச்சலா?” கனகம்.

“விடுற காய்ச்சல்தான் புள்ள.”

நேரத்துக்கு நேரம் அவளும் போய்க் குனிந்து பார்க்கிறாள். நான் பார்க்காத நேரத்தில்தான்.

வைகாசி 6, திங்கள்

வேர்வை குறைவு. மாலையில் மூன்று துளி. எண்ணினேன்.

நாளைக்கும் வேர்த்தால் இனி நாள் இல்லை.

வைகாசி 7, செவ்வாய்

கச்சான் வாழ்க. விடியற்காலையில் அடுப்படிச் சூட்டில் வைத்து எடுத்து, வெயில் பட்டதும் பையை ஒட்டினேன். ஒரு துளி இல்லை. பலகையைத் தட்டினால் உடுக்கு மாதிரி.

ஒரு சிரட்டை, அரை மூடி. அடுத்த சிரட்டை, அரை மூடி. கடிதத்தைப் பக்கத்தில் விரித்துக் கல் வைத்திருந்தேன். மறந்துவிடும் என்றல்ல, துணைக்கு. கடைசிச் சிரட்டை ரெசின் இறுகத் தொடங்கிக் கையிலேயே சுட்டது. போட்டுவிட்டு ஓடாமல் பூசி முடித்தேன். ஒன்பது மணிக்கு வேலை சரி.

பிறகு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அது கடினமான வேலை.

ஒரு மணிக்குத் தட்டினேன். டக்.
நடுவில் டக்.
ஓரத்தில் டக்.
சன்னம் பட்ட இடத்தில் டக்.

கல்.

முழுத் தட்டையும் இரண்டாம் முறை தட்டினேன், வேறு காரணம் இல்லை, சத்தம் கேட்கத்தான்.

வைகாசி 9, வியாழன்

பெயின்ட். கோயில் மடைப்பள்ளிக்கு அடித்த மிச்சம், மஞ்சள். ஈரம் காயுமுன் மணல் அரித்துத் தூவினேன். ஈரக் கால் வழுக்காது. மணலை அரித்தது மாவரிக்கிற அரிதட்டால். கழுவி வைத்துவிட்டேன்.

வைகாசி 10, வெள்ளி

பிட்டுக்குள் மணல். பிடிபட்டேன்.

மாசியில் விழுந்ததற்கும் சேர்த்துத்தான் ஏசினாள் என்று நினைக்கிறேன். வள்ளம் சரி, திங்கட்கிழமை அக்காவிடம் போகலாம் என்றேன். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

“தட்டு பலம் புள்ள. நாலு மாடு ஏத்தலாம்.”

“தெரியும். நீங்க தட்டித் தட்டிப் பாத்தது நானும் கேட்டன்தானே. தட்டுக்கு என்ன? நான் கால் தூக்கக்குள்ள அந்தச் சனம் முழுக்க என்ட காலத்தானே பாக்கும்.”

இருபது நாளாகத் தட்டுக்கு மருந்து பார்த்திருக்கிறேன். நோ வேறு இடத்தில்.

வைகாசி 11, சனி

விடிய எழும்பியதும் சன்னத்தின் கதையைச் சொன்னேன். நம்பவில்லை.

“இப்ப எனக்காகக் கட்டுற கதை. எங்க சன்னம்?”

“வாவியில எறிஞ்சிட்டன்.”

“ம்.”

அப்போதுதான் இந்தக் கொப்பி ஞாபகம் வந்தது. எடுத்து வந்து, சித்திரை 22 என்ற பக்கத்தை விரித்து வாசித்தேன். நண்டு ஓடு, பத்துச் சதம், தூண்டில் முள், சன்னம். கனகத்தின் பாரத்தால் உடைந்த தட்டு அல்ல. கோழி.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. இது என் வாயால் வருகிறதா, தாளிலிருந்து வருகிறதா என்ற சந்தேகம். கொப்பியை வாங்கிக்கொண்டு வேலிப் படலைக்குப் போய்விட்டாள். யோகன் வரும் வரை அங்கேயே நின்றாள். எனக்கு வெட்கம், இது நான் எனக்கென்று எழுதியது. ஆனாலும் மறிக்கவில்லை.

யோகன் வாசித்தார். அதே சொல், அதே இடம். அவரிடம் திரும்பவும் கேட்டாள்:

“இது எப்ப எழுதின எண்டு போட்டிரிக்கா தம்பி?”

“சித்திரை இருபத்திரண்டு எண்டு கிடக்கு அம்மா. மூணு கிழமையாகுது. மை பின்பக்கத்துக்கும் வந்திரிக்கு.”

கொப்பியைத் திருப்பித் தந்தாள்.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாம். மூணு மாசமா நான் கரைப்பக்கம் போகல்ல.”

“பயப்பிடுவாய் எண்டு நினைச்சன்.”

“சன்னத்துக்கா? இந்த ஊரில இரிந்துகொண்டா?”

பிறகு பெட்டியைத் திறந்து நல்ல சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

வைகாசி 14, செவ்வாய்

உடம்பெல்லாம் நோ. ஆனாலும் நேற்றையதை இன்றே எழுத வேண்டும்.

விடியவே கரையில் ஆமிக்காரர் மேசை போட்டிருந்தார்கள். போகிறவர் பெயர் பதிய வேண்டும். என் முறை வந்ததும் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள், பெருவிரலுக்கு. பேனையைக் காட்டினேன். க. சின்னத்தம்பி என்று எழுதினேன். பின்னால் ஒருவர், “கெதியா எழுதுங்க அப்பு, அங்க குளிர்த்தி முடிஞ்சிரும்” என்றார். கெதியாக எழுதவில்லை.

கனகம் வள்ளத்துக்கிட்டப் போனாள். சனம் பார்த்தது. அவளும் சனத்தைப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, பழைய ஓட்டை இருந்த அதே இடத்தில் வலது காலை வைத்தாள். இடது காலையும் வைத்தாள். பிறகு அந்த இடத்திலேயே ஒரு முறை ஓங்கி மிதித்தாள்.

டக்.

“முந்தி உடைஞ்சது பலகை உக்கினதால. இவர் கொப்பியில எழுதி வச்சிரிக்கார், தபால்காரர் வாசிச்சவர். சந்தேகம் எண்டா கேட்டுப் பாருங்க.” யாரும் கேட்கவில்லை. “என்ன கா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? வரக்கூடிய ஆக்கள் ஏறுங்க.”

பதினொரு பெண்கள் ஏறினார்கள். மாசியில் யானை என்று சொன்னவள் எவள் என்று எனக்குத் தெரியாது, கனகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்திக்கு மட்டும் முன் தட்டில் தனக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள். அந்தப் பெண் அக்கரை சேரும் வரை வாய் திறக்கவில்லை.

நான் கம்பு ஊன்றினேன். ஒன்றரை மணித்தியாலம். தட்டு ஒரு சின்னச் சத்தம் கூடப் போடவில்லை.

அக்கா கரையோரத்தில் நின்றாள், தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

குளிர்த்தித் தண்ணீர் வள்ளத்துக்கும் தெளித்தேன். தட்டுக்கு இனித் தண்ணீர் பரவாயில்லை. திரும்பி வரும்போது பதினொரு பெண்களோடு ஒன்பது தயிர்ச்சட்டியும். ஒரு சட்டி மீராலெவ்வைக்கு, கொண்டக்டர் இன்று காலையிலேயே கொண்டுபோய்விட்டார்.

கனகம் பின்னால் வந்து நிற்கிறாள். “நான் வலது கால் வச்சத எழுதினீங்களா?”

எழுதிவிட்டேன் என்றேன்.

“மிதிச்சத?”

அதையும்.

கை விறைத்துவிட்டது. இருக்கிற மை மீராலெவ்வைக்கு எழுதும் கடிதத்துக்கு வேண்டும், தாங்கினால் எழுது என்றானே. அதை எழுத நாலு நாளாவது பிடிக்கும். புது மை வாங்கி, கொப்பிக்கு இனி அடுத்த செவ்வாய்தான்.